சாயநீரிலிருந்து மீளும் உப்பு

வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றிக் கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலப்பது நம் நொய்யலாறு. அதன் நீரைத் தேக்கிப் பாசனம் செய்யும் பொருட்டுச் சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992-ஆம் ஆண்டு ஓர் அணை எழுந்தது. ஆயின் அங்கே தேங்கியதோ திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர். தமக்கென்று கட்டிய அணையின் நீரே தம் நிலத்துக்குக் கேடு என்று உழவர்கள் நீதிமன்றம் ஏறும் நிலை வந்தது.

அந்நீரில் கண்ணுக்குத் தெரிந்தது நிறம். கண்ணுக்குத் தெரியாமல் நிலத்தைக் கெடுத்தது உப்பு. துணிக்குச் சாயமிட உப்பு எதற்கு என்று நேயர்கள் வினவலாம். பருத்தி இழை நீரில் நனைந்ததும் எதிர் மின்னூட்டம் கொள்கிறது. சாயமும் அதே இயல்புடையது. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று விலக்குகின்றன. உப்பு இடையே புகுந்து அவ்விலக்கத்தைத் தணித்து, சாயத்தை இழையோடு சேர்க்கிறது. இரு வீட்டாரையும் கூட்டி வைத்துவிட்டு விலகிக்கொள்ளும் திருமணத் தரகரைப் போல, வேலை முடிந்ததும் அது துணியில் தங்காமல் அலசும் நீரோடு போய்விடுகிறது.

நிறத்தை நீக்க வழிகள் பல உண்டு. கரைந்த உப்போ அடியில் படியாது. நுண்ணுயிர்களும் அதை உண்ணா. துளிக் கழிவுநீரும் வெளியேறலாகாது என்பதைச் செயற்படுத்தாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று ஆணையிட்டது. ஒருபுறம் உழவரின் வயல்; மறுபுறம் தொழிலாளியின் கூலி. இரண்டையும் காக்கும் பொறுப்பு தொழில்நுட்பத்தின்மேல் விழுந்தது.

இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் நுண்ணுயிர்கள் முதலில் கரிமக் கழிவைச் சிதைக்கின்றன. பின்னர் நீரை மிகுந்த அழுத்தத்தில் நுண்சவ்வுகளின் வழியே செலுத்துகிறார்கள். நல்ல நீர் பட்டறைக்கே திரும்புகிறது. உப்பு மிகுந்த நீர் எஞ்சுகிறது. அதனை ஆவியாக்கி உப்பைப் படிகமாய்ப் பிரிப்பது ஒரு முறை. வகுப்பில் உப்புக் கரைசலைக் காய்ச்சிக் கிண்ணத்தின் அடியில் வெண்பொடியைக் காட்டும் பாடமே இது. நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கி, உப்புநீரை அப்படியே மீண்டும் சாயத்தொட்டிக்கு அனுப்புவது மற்றொரு முறை. இதில் எரிபொருட் செலவு குறையும்.

இத்தனைக்குப் பின்னும், பிரிக்க இயலாத கலப்பு உப்பு எஞ்சிக் கிடங்குகளில் குவிகிறது. ஆதலின் முதலிலேயே குறைவாகப் பயன்படுத்துவதே மேலானது. ஒரு லிட்டர் நீருக்கு இத்தனை கிராம் என்றே உப்பு அளக்கப்படுகிறது. எனவே குறைந்த நீரில் சாயமேற்றும் புதிய எந்திரங்கள் உப்பையும் தாமாகவே குறைத்துவிடுகின்றன.

இவ்வேற்பாடுகளுக்கெல்லாம் பணம் வேண்டும். கழிவை ஆற்றில் விடும் ஊரின் துணியோடு, அதனைத் தூய்மை செய்யும் ஊரின் துணி விலையில் போட்டியிட வேண்டியிருக்கிறது. சட்டை வாங்கும் நாம் மலிவை மட்டுமே நோக்கினால், மிச்சமாகும் சில ரூபாய்களுக்கு ஈடாக யாரோ ஓர் உழவரின் கிணறு உவர்ந்துபோகும். அணியும் ஆடையின் விலையில் ஆற்றின் விலையும் அடங்கியிருத்தல் நேர்மையன்றோ!