வீடு இல்லை என்பதை மறைக்க வேண்டாம்

“புண்ணுக்கு நாள்தோறும் கட்டு மாற்றுங்கள், இன்சுலினைக் குளிர்ச்சியாக வையுங்கள், நேரத்திற்கு உண்ணுங்கள்.” மருத்துவமனையிலிருந்து செல்வோருக்கு வழங்கப்படும் அறிவுரை இது. தங்க இடமற்றவரும் கூச்சத்தால் தலையசைத்துவிட்டுச் செல்கிறார். புண் முற்றிய நிலையில் மீண்டும் வர நேர்கிறது. நோயுடன் வறுமையையும் அறிந்தால்தான் சிகிச்சை முழுமை பெறும். அதைக் கேட்டறிந்து வழிகாட்டுபவர் மருத்துவச் சமூகப் பணியாளர்.

அவர் செய்வது என்ன?

முதலில், நோயாளிக்குரிய உரிமைகளை எடுத்துரைக்கிறார்.

• முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் சேரலாம். குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் தேவை. அவை இல்லையெனில் பெறும் வழியைக் காட்டுவார்.

• காசநோயாளிகளுக்குச் சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்து உதவியாக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. கணக்கு இல்லாதவர் அதனைத் தொடங்கத் துணைநிற்பார்.

• மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன்படி, வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளோரும் வீடற்றோரும் அரசு மனநலச் சிகிச்சையைக் கட்டணமின்றிப் பெறலாம். வறுமைக் கோட்டு அட்டை இல்லாமையைக் காரணம் காட்டி மறுக்க இயலாது.

• இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்னும் எண்ணை அழைக்கலாம்.

முடிவு உங்களுடையது

சமூகப் பணியாளர் உங்களுக்காக முடிவெடுப்பவர் அல்லர். நகர்ப்புற வீடற்றோர் காப்பகத்திற்குச் செல்லச் சிலர் தயங்குவர். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் காப்பகங்கள் இருப்பதால் குடும்பம் பிரிய நேரலாம். பிழைப்பு நடக்கும் இடம் தொலைவாகலாம். இத்தயக்கத்தைப் பிடிவாதம் எனக் கருதாமல், காரணத்தைக் கேட்டு மாற்றுவழி தேடுவதே அவர் பணி. அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டு மாற்ற ஏற்பாடு செய்யலாம். குளிர்பதனப் பெட்டி இல்லாதவர் இன்சுலினை நீர் புகாத உறையிலிட்டு, ஈர மணல் நிரப்பிய மண்பானையில் வைக்கக் கற்பிக்கலாம். விண்ணப்பத்தை நோயாளியே அளிக்கப் பழக்கினால், அடுத்த முறை அவர் பிறர் துணையின்றி அலுவலகப் படியேறுவார்.

எப்போது சொல்வது?

சான்றுகள் பெறச் சில நாள்கள் ஆகும். ஆகவே, சேர்க்கப்பட்ட அன்றே செவிலியரிடம் கூறிச் சமூகப் பணியாளரைச் சந்தியுங்கள். இரவில் எங்கு உறங்குகிறீர்கள், உணவு எங்கே கிடைக்கிறது, எந்த ஆவணம் கைவசம் உள்ளது, உடன் இருப்பவர் யார் என்னும் நான்கையும் தயங்காமல் சொல்லுங்கள். இவற்றைச் சொல்வதில் இழிவு ஏதுமில்லை. உங்களுக்கு ஏற்ற சிகிச்சையைத் திட்டமிட இவை மருத்துவருக்கும் உதவும்.