தலைமயிர் போன நாட்களில்: விக், சவுரி பராமரிப்பு பற்றிச் சில நடைமுறைத் தகவல்கள்

கீமோ மருந்து ஏற்றத் தொடங்கி இரண்டு மூன்று கிழமைகளில் பலருக்குத் தலைமயிர் கொட்டத் தொடங்குகிறது. முதலில் தலையணையில் தெரியும், பிறகு சீப்பில், பிறகு குளிக்கும்போது கைநிறைய வரும். எல்லாக் கீமோ மருந்துகளும் இப்படிச் செய்வதில்லை. எந்த மருந்து ஏற்றப்போகிறார்கள், அதற்குத் தலைமயிர் போகுமா என்று வைத்தியரிடமோ தாதியிடமோ முன்கூட்டியே கேட்கலாம். கதிர்ச் சிகிச்சையில் கதிர் படுகிற இடத்து மயிர் மட்டுமே விழும். மார்பகத்துக்குக் கதிர் ஏற்றுபவருக்கு அதனால் தலைமயிர் போகாது.

விக் தேவைப்படுபவர்கள் புற்றுநோயாளர்கள் மட்டுமல்லர். ஷெல் துண்டு பட்ட தழும்பு, நெருப்புக் காயம் ஆறிய இடம், தையல் போட்ட கோடு என்று தலையில் போரைச் சுமந்துகொண்டிருப்பவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அந்த இடங்களில் மயிர் முளைக்கும் வேரே அழிந்துபோயிருக்கும். எந்த எண்ணெயாலும் அங்கே மயிர் முளைக்காது. முகநூலில் விற்கும் மூலிகை எண்ணெய்க்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். புழுவெட்டு வேறு விடயம். அங்கே வேர் உயிரோடு இருக்கிறது, பலருக்கு மயிர் திரும்பவும் வரும். அதற்குத் தோல் வைத்தியரைப் பார்ப்பது பயன் தரும்.

தலைமயிர் நம் ஊர்களில் வெறும் அழகு விடயம் அல்ல. நீண்ட பின்னலைப் பார்த்துப் பெண்ணை மதிக்கிற ஊர் இது. வன்னியில் அதற்கு இன்னொரு கனமும் உண்டு. குட்டையாக வெட்டிய தலைமயிர் ஒரு காலத்தில் ஒரு பெண்பிள்ளை எங்கிருந்து வருகிறாள் என்பதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாக இருந்தது. 2009இல் அந்தத் தலையை மறைத்துக்கொண்டு நடந்தவர்களுக்கு இன்று நாற்பது வயதை ஒட்டி இருக்கும். அவர்களில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்து தலைமயிர் கொட்டும்போது, "ஏன் பிள்ளை தலையை வெட்டினனீ?" என்று சந்தையில் யாரோ சாதாரணமாகக் கேட்பது அவருக்குச் சாதாரணமாக இருக்காது. சிகிச்சையை விட்டுவிடலாமா என்று யோசிக்க வைக்கும் காரணங்களில் தலைமயிரும் ஒன்று. அதனால் ஒரு விக்கை எப்படிக் கழுவுவது என்பதைச் சின்ன விடயமாக நினைக்க முடியாது.

இங்கே பலருக்கு விக் வெளிநாட்டுப் பெட்டியில்தான் வருகிறது. கனடாவில் இருக்கும் தங்கையோ பிரான்ஸில் இருக்கும் மச்சாளோ வாங்கி அனுப்புவார்கள். உள்ளே ஒரு துண்டுப்பிரசுரம் இருக்கும், அது வேற்று மொழியில், வேற்று நாட்டுச் சமையலறையையும் குளியலறையையும் மனதில் வைத்து எழுதப்பட்டிருக்கும். விறகடுப்பையும் கிணற்றுத் தண்ணீரையும் பற்றி அதில் ஒரு வரியும் இராது.

முதலில் கையில் இருப்பது எந்த வகை என்று அறிய வேண்டும். பிடரிப் பக்கத்தின் உட்புறத்திலிருந்து ஒரேயொரு இழையை வெட்டி, விக்கை விட்டுத் தூரப் போய், குறடால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். உண்மையான தலைமயிர் என்றால் மயிர் பொசுங்கும் மணம் வரும், நசித்தால் சாம்பலாக உதிரும். செயற்கை இழை உருகிச் சின்ன மணிபோல் இறுகும், பிளாஸ்டிக் மணக்கும். இரண்டும் கலந்த விக்குகளும் விற்பனைக்கு உண்டு என்பதால் இரண்டு மூன்று இடங்களில் பார்ப்பது நல்லது.

செயற்கை இழைக்கு முதல் எதிரி சூடு. அடுப்படியில் குனிந்து சோற்றுப் பானையின் மூடியைத் திறக்கிற ஒரு நொடி போதும். முன்பக்கத்து இழைகள் சுருண்டு, கம்பிபோல் விறைத்துவிடும். புட்டு, இடியப்பம் அவிக்கும் நீராவியும், பேக்கரிப் போறணையின் அனலும், வீட்டுப் படத்துக்கு முன் கொளுத்தும் கற்பூரமும் அதையே செய்யும். ஒருமுறை பொசுங்கிய இழையை வீட்டில் சரிசெய்ய முடியாது, நுனியை வெட்டிவிடலாம், அவ்வளவுதான். ஆகவே சமைக்கும்போது விக்கைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பருத்தித் துணியைத் தலையில் கட்டிக்கொள்ளுங்கள். 'சூடு தாங்கும்' என்று எழுதியுள்ள செயற்கை விக்குகள் இருக்கின்றன. அவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு, அடுப்படிக்கு அவற்றை நம்ப வேண்டாம். முடி உலர்த்தும் கருவியைச் செயற்கை விக்கில் பாவிக்கவே கூடாது.

கழுவுவது எப்போது? குளிர் நாட்டுப் பிரசுரங்கள் பத்துப் பதினைந்து தடவை அணிந்தபின் கழுவச் சொல்லும். கிளிநொச்சி வெயிலில் பஸ் ஏறி இறங்குபவருக்கு அது பொருந்தாது. வியர்வை உட்தொப்பியில் ஊறி மணக்கத் தொடங்கினால் கழுவ வேண்டியதுதான், கிழமைக்கு ஒருமுறை வந்தாலும் சரி. ஆனால் ஒவ்வொரு கழுவலும் விக்கின் ஆயுளில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும். அதைக் குறைக்க ஒரு வழி உண்டு. விக்கின் உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி ஒன்றை அணிந்து, அதை நாளாந்தம் துவைத்தால் போதும். பழைய பருத்தி ரீசேர்ட்டின் துணியில் அப்படி இரண்டு தொப்பி தைத்துக்கொள்ளலாம்.

அடுத்த சிக்கல் தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல் மீது இருக்கிறது. நம் கிணற்றுத் தண்ணீர் வன்னீர், கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு அதற்குச் சாட்சி. தீவகத்திலும் கரையோரங்களிலும் உவரும் சேர்ந்துகொள்ளும். நம் தலையில் முளைத்த மயிருக்கு வேரிலிருந்து எண்ணெய்ப் பசை வந்துகொண்டே இருக்கும். விக்கில் உள்ள மயிருக்கு அந்தப் பசை இல்லை, அதனால் சுண்ணாம்பு படிந்தால் சீக்கிரமே சொரசொரப்பாகிச் சிக்குப்பிடிக்கும். முழுவதையும் நல்ல தண்ணீரில் கழுவ வசதியில்லை என்றால் கடைசி அலசலையாவது மழைத்தண்ணீரிலோ வடிகட்டிய தண்ணீரிலோ செய்யுங்கள். ஒரு சின்ன வாளி போதும். மழைத்தண்ணீர் பிடித்து வைக்கும் பாத்திரத்தை மூடி வைக்க மறக்க வேண்டாம், டெங்கு நுளம்புக்கு அந்த வாளியே போதும்.

கழுவும் முறை கடினமானதல்ல. கழுவுவதற்கு முன் சிக்கெடுக்க வேண்டும். அகலப் பல் சீப்பால் முதலில் நுனி, பிறகு நடு, கடைசியில் மேற்பகுதி என்று கீழிருந்து மேலே போங்கள். மேலிருந்து இழுத்தால் உட்தொப்பியில் கட்டியிருக்கும் முடிச்சுகள் அவிழ்ந்து மயிர் உதிரும். பிறகு வாளியில் பச்சைத்தண்ணீர் எடுத்து, ஒரு சின்ன மூடி அளவு மிதமான சம்பூவைக் கரைத்து, விக்கை ஐந்து நிமிடம் ஊறவிட்டு, மெல்ல அமிழ்த்தி எடுங்கள். கசக்கவோ பிழியவோ கூடாது. உடுப்புத் துவைக்கும் சவர்க்காரம் வேண்டவே வேண்டாம். அலசியபின் துவாயில் வைத்துச் சுருட்டி ஒற்றி எடுங்கள். உண்மைத் தலைமயிர் விக்குக்குக் கண்டிஷனர் பூசலாம், ஆனால் நடுவிலிருந்து நுனி வரை மட்டும். அடிப்பகுதியில் பூசினால் முடிச்சு வழுக்கும்.

ஈரமாக இருக்கும்போது செயற்கை விக்கைச் சீவக்கூடாது. தலை அளவுள்ள பொருளில் இறுக்கிக் காயவைத்தால் உட்தொப்பி இழுபட்டுத் தளர்ந்துவிடும். ஒடுங்கிய போத்தல் ஒன்றின் மேல் கவிழ்த்து, நிழலில், காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். வெயிலில் காயவைத்தால் நிறம் வெளுக்கும். தகரக் கூரைக்குக் கீழே உயரத்தில் தொங்கவிடுவதும் நல்லதல்ல, மத்தியானத்தில் அங்கே இருக்கும் வெக்கை நமக்கே தெரியும்.

தேங்காயெண்ணெய் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தலைமயிர் என்றால் எண்ணெய் வைக்க வேண்டும் என்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. செயற்கை இழை எண்ணெயை உறிஞ்சாது, தூசியைத்தான் பிடித்து வைக்கும். உண்மைத் தலைமயிர் விக்குக்கு உள்ளங்கையில் இரண்டு துளி தேய்த்து நுனிப்பக்கத்தில் மட்டும் தடவலாம். தொப்பியில் எண்ணெய் பட்டால் பிசுபிசுத்து, தலையில் நிற்காமல் வழுக்கும்.

இரவில் விக்கைக் கழற்றிவிட்டுத்தான் படுக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்குத் தலைக்கவசம் உரசும் பிடரிப் பக்கம்தான் முதலில் சிக்கடையும். அங்கே மயிரை ஒரு துணித் துண்டால் சுற்றிவிட்டுப் போடுவது உதவும். நாளாந்தம் அணியும் செயற்கை விக் நான்கு முதல் ஆறு மாதம் வரை தாங்கும். உண்மைத் தலைமயிர் விக் பராமரிப்பைப் பொறுத்து ஒரு வருடமும் அதற்கு மேலும் வரும். கீமோ காலத்துக்கு மட்டும் என்றால் செயற்கை விக்கே போதுமானது. பாரம் குறைவு, கழுவினாலும் வடிவம் மாறாது, விலையும் குறைவு. கடன்பட்டு உண்மை மயிர் விக் வாங்கத் தேவையில்லை.

விக்குக்குக் கீழே இருக்கும் தோலைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கீமோ காலத்தில் அந்தத் தோல் மெலிந்து, சீக்கிரம் புண்படும். பசையும் ஒட்டும் நாடாவும் அப்போது வேண்டாம். தலையில் சீழ்க் கொப்புளம் கண்டால் சிகிச்சை பெறும் பிரிவில் காட்டுங்கள். கீமோ ஏற்றும் காலத்தில் காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால், காரணம் எதுவாக இருந்தாலும், விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பழைய காயத் தழும்பு உள்ளவர்களுக்கு வேறு கவனம் தேவை. தழும்புத் தோலில் உணர்ச்சி குறைவு. விக்கின் கிளிப் அழுத்திப் புண்ணாக்கினாலும் வலி தெரியாமல் போகலாம். கிளிப்பைத் தழும்பு இல்லாத இடத்துக்கு மாற்றித் தைக்கச் சொல்லுங்கள். இரவில் கழற்றியதும் வீட்டில் ஒருவரை அந்த இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நெருப்புக் காயத் தழும்பில் பல வருடம் கழித்துப் புண் வந்து, கிழமைக் கணக்கில் ஆறாமல் இருந்தால் அதைக் கிளிப் உரசியது என்று விட்டுவிடக்கூடாது. அப்படிப்பட்ட பழைய தழும்புகளில் அரிதாகத் தோல் புற்றுநோய் தோன்றுவதுண்டு. எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்குப் போகும்போது விக்கையும் கிளிப்புகளையும் கழற்ற வேண்டும். அதைவிட முக்கியமாக, உடம்பில் எங்காவது ஷெல் துண்டோ சன்னமோ இருந்தால், இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும், அங்கே முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்தக் காந்தம் உலோகத்தை அசைக்கக்கூடியது. "அது பழைய கதை" என்று மறைப்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே அது பழைய கதை அல்ல.

முற்றாகப் போகாமல் மெலிந்துபோன தலைமயிருக்குச் சவுரியும் கிளிப்பில் மாட்டும் நீட்டுமுடியும் வைக்கிறார்கள். அம்மம்மா காலத்துச் சவுரி உண்மையில் நல்ல யோசனைதான். பின்னலோடு சேர்த்து முடிவது, இரவில் அவிழ்த்து வைப்பது. சலூன்களில் பசையாலும் சூட்டாலும் வேரருகே ஒட்டும் நீட்டுமுடி அப்படியல்ல. நாள் முழுதும் பாரம் இழுத்தபடியே இருக்கும். நெற்றியோரத்திலும் காதுக்கு மேலும் மயிர் குறையத் தொடங்கினால் அது அந்த இழுவையால் வருவது. ஆரம்பத்தில் நிறுத்தினால் மயிர் திரும்பும், வருடக்கணக்கில் இழுத்தால் வேரே போய்விடும். கீமோ முடிந்து முளைக்கும் பூஞ்சை மயிரில் எதையும் ஒட்டவோ மாட்டவோ கூடாது. கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு எடுக்கும் சவுரியில் பேன் வரும் என்ற பயம் நியாயமானது. தலையை விட்டு இறங்கிய பேன் இரண்டு நாளுக்கு மேல் உயிர் வாழாது. பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி இரண்டு கிழமை வைத்தால் ஈரும் பொரித்துச் செத்துவிடும்.

விக்குக்கான தலைமயிர் பெரும்பாலும் ஏழைகளின் தலையிலிருந்தும் கோவில்களிலிருந்தும்தான் வருகிறது. திருப்பதியில் பக்தர்கள் இறக்கும் முடி ஏலத்தில் விற்கப்பட்டு உலகெங்கும் போகிறது. நம் நாட்டில் கொழும்பில் இயங்கும் இந்திரா புற்றுநோய் நிதியம் தானமாகக் கிடைக்கும் தலைமயிரில் விக் செய்து நோயாளருக்கு இலவசமாகக் கொடுக்கிறது. தெல்லிப்பழை வைத்தியசாலையிலோ மகரகம அபேக்ஷாவிலோ சிகிச்சை பெறுபவர்கள் விக் வாங்குவதற்கு முன் தாதியிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம். தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவே 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து திரட்டிய பணத்தில் எழுந்ததுதான். கேட்பதில் வெட்கம் இல்லை.

தலைமயிர் கொடுக்க விரும்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கழுவி, நன்றாகக் காயவைத்து, பல இடங்களில் இறுக்கிக் கட்டியபின் கட்டுக்கு மேலே வெட்ட வேண்டும். நிலத்தில் விழுந்து கலைந்த மயிரில் வேர்ப்பக்கம் எது நுனிப்பக்கம் எது என்று தெரியாமல் போகும். மயிரின் மேல் இருக்கும் செதில்கள் ஒரே திசையில் இல்லாவிட்டால் விக் சிக்காகிவிடும்.

விக் எல்லோருக்கும் பிடிப்பதில்லை. உக்கிரமான வெயிலில் அரை மணி நேரம் போட்டுவிட்டுக் கழற்றி எறிபவர்களும் உண்டு. பருத்தித் துணி கட்டிக்கொள்வதோ மொட்டைத் தலையோடு வெளியே போவதோ அவரவர் விருப்பம். அதைத் தீர்மானிக்கும் உரிமை மாமியாருக்கோ அயலுக்கோ இல்லை. வெறும் தலையோடு போனால் வெயில் நேரடியாகப் படாமல் தொப்பியோ குடையோ பாவியுங்கள்.

கடைசி மருந்து ஏற்றி ஒன்றிரண்டு மாதத்தில் பூஞ்சையாக முளைக்கத் தொடங்கும். முதலில் சுருளாகவோ வேறு நிறமாகவோ வரலாம், பெரும்பாலும் காலப்போக்கில் பழையபடி ஆகும். மயிர் வளர வளர விக் உள்ளே குறுகுறுக்கும், வழுக்கும். அப்போது கழுவி, காயவைத்து, பையில் கட்டி இரண்டு கிழமை வைத்துவிட்டு, சிகிச்சை பெற்ற விடுதித் தாதியிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த கட்டிலில் கேட்கத் தயங்கும் ஒருவர் இருப்பார்.