போன இழுவை எப்படித் திரும்பியது?

போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் சோதனைச்சாவடி வரை கார் ஒழுங்காகத்தான் வரும். அதற்கு மேல் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவு தாண்டும் முன்பே திடீரென்று இழுவை போய்விடும். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் திணறும். ஓரங்கட்டி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு எடுத்தால் சமர்த்தாக ஏறும். மறுநாள் பட்டறைக்குக் கொண்டுபோனால், “வண்டி நல்லாத்தானே இருக்கு” என்பார் மெக்கானிக். அவர் சொல்வது பொய்யில்லை. இந்தக் கோளாறு தலைகாட்ட மேடு வேண்டும், பாரம் வேண்டும், சூடு வேண்டும். பட்டறை வாசலில் மூன்றும் கிடையாது.

போடி கடல்மட்டத்துக்குச் சுமார் 350 மீட்டர் மேலே இருக்கிறது. போடிமெட்டு 1,300 மீட்டருக்கும் மேலே. ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள காரை 1,000 மீட்டர் தூக்க ஏறக்குறைய 1.3 கோடி ஜூல் ஆற்றல் தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது சுமார் 3.2 கோடி ஜூல். அதில் கால் பங்கு சக்கரத்தை எட்டினால் சரி என்று வைத்தால், மேலே தூக்குவதற்கு மட்டுமே ஒன்றரை லிட்டருக்கு மேல் செலவாகும். மீதி முக்கால் பங்கும் வெப்பம். செகண்ட் கியரில் ஊர்கிற வண்டிக்கு அதைத் தணிக்க எதிர்க்காற்றும் போதாது.

உயரம் கூடுவதால் காற்று இளைப்பதும் உண்மைதான். இந்த 1,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைகிறது; டர்போ இல்லாத என்ஜினின் சக்தியும் ஏறத்தாழ அதே அளவு குறையும். ஆனால் அது படிப்படியாகக் குறைவது, மேலே இருக்கும்வரை அப்படியே இருப்பது. போய்ப் போய் வருகிற இழுவைக்கு மலையைக் குற்றம் சொல்ல முடியாது.

அப்படியானால் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? இழுவை எப்படிப் போனது என்று எல்லோரும் விவரிக்கிறார்கள். எப்படித் திரும்பி வந்தது என்பதில்தான் துப்பு இருக்கிறது.

ஓரிரு நிமிடம் மிதிக்காமல் விட்டதும் திரும்பினால், முதல் சந்தேகம் எரிபொருள் வரத்து. ஊற்று குறைந்த கிணற்றில் மோட்டார் போட்டால் முதலில் நன்றாக இறைக்கும், பிறகு காற்றை இழுக்கும், நிறுத்தி வைத்தால் மறுபடி தண்ணீர் ஊறும். அடைத்த டீசல் ஃபில்டரின் கதை அதேதான். சமதளத்தில் என்ஜின் கேட்கிற கொஞ்ச டீசலை அது கொடுத்துவிடும். மேட்டில் கேட்பதைக் கொடுக்க முடியாது. பெட்ரோல் டேங்க்குக்குக் காற்று புகும் வழி அடைத்தாலும் இப்படி ஆகும். அந்த நேரத்தில் மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்றைப் பலமாக உள்ளே இழுக்கும், செலவில்லாத சோதனை.

அரை மணி நேரம் ஆறிய பிறகுதான் திரும்புகிறது என்றால் மின்சாரப் பக்கம் பாருங்கள். இக்னிஷன் காயிலின் மெல்லிய செம்புக் கம்பியில் இருக்கும் முறிவு சூட்டில் விரிந்து விலகும், ஆறினால் ஒட்டும். வண்டி மிஸ் அடிக்கும். கிராங்க் சென்சாருக்கும் இதே குணம் உண்டு. அது மக்கர் செய்தால் என்ஜினே நின்றுவிடும். அம்பாசடர் காலத்து டிரைவர்கள் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டதும் சூட்டுக்காகத்தான். குழாயில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழ் கட்டும், உயரத்தில் அழுத்தம் குறைவதால் இன்னும் சீக்கிரம் கட்டும். இப்போது பம்ப் டேங்கின் உள்ளேயே இருந்து அழுத்தத்தோடு தள்ளுவதால் அந்தத் தொல்லை அரிது. ஆனால் அந்தப் பம்பைக் குளிர வைப்பது சுற்றியுள்ள பெட்ரோல்தான். டேங்க் காயும்வரை ஓட்டிப் பழகியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சாவியைத் திருப்பி அணைத்து, உடனே போட்டதும் சரியாகிறதா? அப்படியானால் சக்தியைக் குறைத்தது கம்ப்யூட்டர். ஏதோ ஓர் அளவு வரம்பு மீறியதும் என்ஜினைக் காப்பாற்ற அது தானே கட்டுப்படுத்தியிருக்கிறது. மிதி சென்சார், டர்போ அழுத்தம், 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதியோடு டீசல் கார்களில் பரவலான புகைக்கரி வடிகட்டி என்று காரணம் பல. டர்போவின் ரப்பர் குழாய் கீறியிருந்தால் அழுத்தம் ஏறும்போது மட்டுமே வாய் பிளக்கும். சும்மா ஓடவிட்டுப் பார்த்தால் தெரியாது. ஸ்கேனர் ‘பி 0299’ என்று காட்டும். அதற்கு டர்போ அழுத்தம் குறைவு என்றுதான் பொருள், டர்போ கெட்டுவிட்டது என்றல்ல. குழாயைப் பார்க்காமல் டர்போவையே மாற்றச் சொல்வது அநியாயம்.

ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு தினமும் இந்த ஏற்றம் ஏறுகிற பழைய ஜீப்களில் கம்ப்யூட்டரே கிடையாது. அங்கே ஓரிரு நிமிடத்தில் திரும்புகிறதா, அரை மணி நேரம் ஆகிறதா என்ற முதல் இரண்டு கேள்விகளே போதும். மழைக்காலத்தில் டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரையும் வடித்துப் பார்க்கலாம்.

இழுவை போனால் ஹசார்டு விளக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டு இறங்குங்கள். என்ஜினை அணைத்துவிட்டுப் பின்னால் உருட்டாதீர்கள். பிரேக்கும் ஸ்டியரிங்கும் கனத்துப்போகும். எந்த வளைவு, எந்த கியர், வெப்பமுள் எங்கே நின்றது, எவ்வளவு நேரத்தில் சரியானது என்று குறித்து வையுங்கள். கோளாறு பதிவாகும்போது என்ஜின் சுற்று, சூடு, வேகம் ஆகியவற்றையும் கம்ப்யூட்டர் சேர்த்துச் சேமிக்கிறது. பேட்டரி வயரைக் கழற்றினால் அது அழிந்துபோகலாம். பட்டறையில் ஸ்கேனரை மாட்டியதும், அழிப்பதற்கு முன்னால் அந்தப் பதிவை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.