ஆதித்யாவைத் திருத்தி வரைந்தவர்கள்

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகும் சாலையில் இருக்கும் சிலமலையில் மாலை சீக்கிரம் வந்துவிடும். ஏலக்காய்த் தோட்டங்களைச் சுமந்து மேற்கே நிற்கும் மலை, பொழுது சாயுமுன்பே சூரியனை மறைத்துக்கொள்ளும். உச்சியில் வெயில் இருக்க, அடிவாரத்தில் நிழல் விழுந்துவிடும். பூமியைத் தாழ்வாகச் சுற்றும் சூரியத் தொலைநோக்கிக்கும் இதே தொல்லைதான். அங்கே அவ்வப்போது குறுக்கே வருவது பூமி.

இந்தியாவின் முதல் சூரிய விண்கலத்தை அப்படியொரு தாழ்ந்த பாதையில் விடத்தான் முதலில் எண்ணினார்கள். 2008 ஜனவரியில் விண்வெளி ஆய்வுக்கான ஆலோசனைக் குழுவில் உருவான யோசனையின்படி அதன் எடை 400 கிலோ, சுற்றும் உயரம் 800 கிலோமீட்டர். சூரியனின் புறவளிமண்டலமான கரோனாவைப் பார்க்கும் ஒரே ஒரு கருவி. பெயர் ஆதித்யா-1.

2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி-சி57 சுமந்து சென்றதோ வேறொரு கலம். எடை சுமார் 1,480 கிலோ, கருவிகள் ஏழு, போய்ச் சேர வேண்டிய இடம் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில். பெயரும் ஆதித்யா-எல்1 என்றாகியிருந்தது.

திட்டத்தை மறுவரையறை செய்வது என்றால் செலவைக் குறைப்பது, கருவியை வெட்டுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆதித்யாவின் கதை அதற்கு நேர் எதிர். பாதையை மாற்றியதும் கேட்கக்கூடிய கேள்விகளே பெருகின. எல்1 என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையே, இரண்டின் ஈர்ப்பும் கலத்தின் ஓட்டமும் கணக்கொத்துப்போகும் இடம். அங்கே கிரகணம் கிடையாது. இருபத்துநாலு மணி நேரமும் சூரியன் கண்ணெதிரே இருக்கும். அதைவிடப் பெரிய லாபம் வேறொன்று. பூமியின் காந்தக் கவசம் அவ்வளவு தூரம் எட்டாது. ஆகவே சூரியக் காற்றின் துகள்களைக் கலப்படமில்லாமல், வருகிற வழியிலேயே பிடித்து அளக்கலாம். தாழ்ந்த பாதையில் துகள்மானியையும் காந்தமானியையும் இந்த வேலைக்கு வைத்துப் பயனில்லை.

இந்த இடத்தில்தான் ஆள் சேர்க்க வேண்டியிருந்தது. கரோனா கருவி பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்துடையது. சூரியனைப் புறஊதா ஒளியில் படமெடுக்கும் ‘சூட்’ கருவியை புனேயின் ஐயூகா உருவாக்கியது. சூரியக் காற்றின் துகள்களை அளக்க ஆமதாபாத் இயற்பியல் ஆய்வகமும் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் மையமும் ஆளுக்கொரு கருவி தந்தன. எக்ஸ் கதிர்க் கருவிகள் இரண்டையும் காந்தமானியையும் பெங்களூரின் இஸ்ரோ கூடங்களே செய்தன. வெவ்வேறு துறையினர், வெவ்வேறு ஆசைகள். எல்லாவற்றையும் ஒரே கலத்துக்குள், ஒரே எடைக் கணக்குக்குள் அடக்கிய குழுவுக்குத் திட்ட இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி.

அந்தக் கரோனா கருவியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். சூரிய வட்டின் ஒளியோடு ஒப்பிட்டால் கரோனா சுமார் பத்து லட்சம் மடங்கு மங்கல். பூரண கிரகணத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரிவது அதனால்தான். கருவியின் இரண்டாவது கண்ணாடியில் நடுவே ஒரு துளை இருக்கிறது. வட்டின் கண்கூசும் ஒளி அதன் வழியே வெளியேறிவிட, சுற்றியுள்ள கரோனாவின் ஒளி மட்டும் திரும்பி உள்ளே வருகிறது. முதல் கண்ணாடியில் ஒரு தூசி ஒட்டினாலும் அது சிதறடிக்கும் ஒளி கரோனாவை மூழ்கடித்துவிடும். சுமார் 190 கிலோ எடையுள்ள இந்தக் கருவியை ஹோஸகோட்டேயில் தூசி புகாத அறையில் கோத்து, 2023 ஜனவரியில் இஸ்ரோவிடம் ஒப்படைத்தார்கள்.

இதைச் செய்த நிறுவனம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. தேனி மாவட்டத்துக்கு வடக்கே எழும் பழநி மலையில், கொடைக்கானலின் சூரிய ஆய்வகத்தை நடத்துவது அதுதான். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டது அங்கேதான். நூறாண்டுக்கும் மேலாக அங்கே சேர்ந்த சூரியப் படங்களோடு பழகிய கைகள்தாம் விண்கலத்துக்குக் கருவி செய்தன. இந்தத் தொடர்ச்சி போதுமான அளவு பேசப்படவில்லை என்பது இக்கட்டுரையாளரின் ஆதங்கம். சிலமலை வட்டாரத்தில் பெரிய ஆராய்ச்சி என்றாலே பேச்சு பொட்டிப்புரம் நியூட்ரினோ திட்டத்துக்குப் போய்விடுகிறது.

மற்ற நாடுகளும் இதே வழியில் ஆள் தேடியிருக்கின்றன. அமெரிக்காவின் கெப்ளர் தொலைநோக்கி 2013 மே மாதத்தில் தன் இரண்டாவது நிலைப்படுத்தும் சக்கரத்தையும் இழந்தது. கலத்தைக் கைகழுவாமல், மிச்சமிருப்பதைக் கொண்டு என்ன செய்யலாம் என்று நாசா விஞ்ஞானிகளிடம் யோசனை கேட்டது. சூரிய ஒளியின் அழுத்தத்தையே முட்டுக்கொடுத்து நிறுத்தும் உத்தியோடு, கே2 என்ற பெயரில் அது 2018 வரை உழைத்தது. ஐரோப்பாவின் அதீனா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் செலவு வரம்பு மீறியபோதும் வெளி விஞ்ஞானிகள் குழு ஒன்று கூட்டப்பட்டது. எதை விட்டாலும் அறிவியல் பிழைக்கும், எதை விட்டால் பிழைக்காது என்று அது சொன்னதை வைத்து, 2023 நவம்பரில் நியூ-அதீனா உருவெடுத்தது.

மறுவரையறைக்கு விலையும் உண்டு. யோசனைக்கும் ஏவுதலுக்கும் நடுவே பதினைந்து ஆண்டுகள் ஓடின. சூரியச் சுழற்சியின் 2014 உச்சம் கைநழுவியது. 2024 உச்சம் கிடைத்தது. 2024 ஜனவரி 6-இல் கலம் எல்1 பாதையில் அமர்ந்தது. அடுத்த மாதம் 22-ஆம் தேதியே எக்ஸ்6.3 அளவிலான பெருஞ்சுடர் ஒன்றை ‘சூட்’ பதிவு செய்துவிட்டது.

கருவி செய்வதோடு ஆள் சேர்ப்பு முடிவதில்லை. குவியும் தரவைப் படிக்கவும் ஆள் வேண்டும். அதற்காக இஸ்ரோவும் நைனிதாலின் ஏரீஸ் நிறுவனமும் சேர்ந்து ஹல்த்வானியில் ஓர் உதவி மையம் வைத்து, மாணவர்களுக்குப் பயிலரங்குகள் நடத்துகின்றன. 2025 ஜனவரியில் முதல் தொகுதித் தரவு பொதுவில் திறந்துவிடப்பட்டது. ஏலக்காய் விவசாயிகள் சங்கத்தின் பெயரைத் தாங்கிய போடி சி.பி.ஏ. கல்லூரியின் இயற்பியல் மாணவர்கூட அதை இறக்கி ஆராயலாம். எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொடுக்க ஆள்தான் வேண்டும். ஹல்த்வானி வெகுதூரம். அதே பயிலரங்கு கொடைக்கானலில் ஆண்டுதோறும் நடந்தால் போடி, தேனி, பெரியகுளம் பிள்ளைகள் பஸ் ஏறிப் போய்விடுவார்கள்.