ஒரு கடிதமும் சில பொய்க் கணக்குகளும்

1844 ஏப்ரல் 18 அன்று, அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கால்ஹூன் வாஷிங்டனிலிருந்த பிரிட்டிஷ் தூதர் ரிச்சர்ட் பேக்கன்ஹாமுக்கு ஒரு கடிதம் எழுதினார். இரு அரசுகளுக்கிடையே வழக்கமாக நடக்கும் கடிதப் போக்குவரத்துதான். நடையில் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் மனிதரை மனிதர் உடைமையாக வைத்திருக்கும் முறை, அது நிலவும் மாநிலங்களின் அமைதிக்கும் பாதுகாப்புக்கும் வளத்துக்கும் இன்றியமையாதது என்று ஒரு குடியரசின் அமைச்சர் அதில் அரசின் பெயரால் எழுதியிருந்தார்.

பின்னணியில் இருந்தது டெக்சாஸ். 1836இல் மெக்சிகோவிடமிருந்து பிரிந்து தனிக் குடியரசாகி, அடிமை உழைப்பில் பருத்தி விளைவித்துக்கொண்டிருந்தது, கஜானாவோ காலி. பிரிட்டனுக்கு அந்தப் பருத்திமீது கண் இருந்தது. தன் காலனிகளில் 1834இல் அடிமைமுறையை நீக்கியிருந்த பிரிட்டன், பண உதவி செய்து டெக்சாஸிலும் அதை ஒழிக்கப் பார்க்கிறது என்று லண்டனிலிருந்து டஃப் கிரீன் என்பவர் கடிதத்துக்குமேல் கடிதம் எழுதினார். அவர் கால்ஹூனின் சம்பந்தி. அந்தக் கடிதங்களை நம்பிய அதிபர் ஜான் டைலரின் அரசு, டெக்சாஸை இணைத்துக்கொள்ள ரகசியப் பேச்சில் இறங்கியது.

பேச்சை நடத்தியவர் முந்தைய வெளியுறவு அமைச்சர் ஏபல் அப்ஷர். பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் அபெர்டீன் பிரபு எழுதிய கடிதத்தின் நகல் 1844 பிப்ரவரி 26 அன்று அவர் கைக்கு வந்தது. உலகெங்கும் அடிமைமுறை ஒழிய வேண்டும் என்பதே தங்கள் விருப்பம், ஆனால் அதற்காக மறைமுகமாக எதுவும் செய்யமாட்டோம் என்பது அதன் சாரம். இரண்டே நாளில், பிரின்ஸ்டன் போர்க்கப்பலில் ஒரு பீரங்கி வெடித்து அப்ஷர் இறந்துபோனார். அந்த விபத்தில் மாண்ட 6 பேரில் ஒருவர் அர்மிஸ்டெட். அதிபர் டைலரின் அடிமை.

அப்ஷரின் நாற்காலிக்கு வந்த கால்ஹூன் ஏப்ரல் 12 அன்று இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அபெர்டீன் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டிய கட்டாயம் எதுவும் அவருக்கு இல்லை. ஆனாலும் எழுதினார். பிரிட்டனின் அந்த விருப்பமே தங்களுக்கு ஆபத்து, அதனால்தான் டெக்சாஸை இணைக்கிறோம் என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் அரசியல் கடிதமாகப் போயிருக்கும். அடிமைத்தனம் கறுப்பின மக்களுக்கே நல்லது என்று 1840 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் காட்டி நிறுவவும் முனைந்தார். அடிமைமுறையைக் கைவிட்ட மாநிலங்களில் கறுப்பினத்தவரில் 96 பேருக்கு ஒருவர் காது கேளாதவராகவோ பார்வையற்றவராகவோ மனநலம் குன்றியவராகவோ இருக்கிறார். அதை விடாத மாநிலங்களில் 672 பேருக்கு ஒருவர்தான். விடுதலை கொடுத்தால் இந்த இனம் சீரழியும் என்பதற்கு இதுவே சாட்சி என்றார்.

அந்தக் கணக்கு பொய். கடிதம் எழுதப்படும் முன்பே அது பொய் என்று காட்டப்பட்டிருந்தது. மாசசூசெட்ஸ் மருத்துவர் எட்வர்ட் ஜார்விஸ் ஊர் ஊராகப் பட்டியலைச் சரிபார்த்தார். மெய்ன் மாநிலத்தின் ஸ்கார்பரோவில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை. கணக்கிலோ அவர்களில் 6 பேர் மனநோயாளிகள். வூஸ்டர் மனநல மருத்துவமனையில் இருந்த 133 வெள்ளையின நோயாளிகள் அப்படியே கறுப்பினத்தவர் பத்தியில் ஏறியிருந்தார்கள். நியூயார்க்கில் ஜேம்ஸ் மெக்கியூன் ஸ்மித்தும் எண்களை எடுத்து மறுத்தார். அமெரிக்காவில் எந்த மருத்துவக் கல்லூரியும் சேர்த்துக்கொள்ளாததால் கிளாஸ்கோ சென்று படித்து, மருத்துவப் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவர். யாரைப் பற்றி அரசு எழுதியதோ அவர்களில் ஒருவரே புள்ளிவிவரத்தைப் புள்ளிவிவரத்தால் எதிர்கொண்டார். இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பெரிய மனிதராகத் தெரிபவர் அவர்தான்.

முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் இதுபற்றிக் கால்ஹூனிடம் நேரிலேயே கேட்டார். பிழைகள் ஏராளமாக இருப்பதால் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும் என்ற பதில் கிடைத்ததாக ஆடம்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். மறுபரிசீலனைப் பொறுப்போ, அந்தக் கணக்கெடுப்பை மேற்பார்வையிட்ட அதிகாரியிடமே ஒப்படைக்கப்பட்டது. எல்லாம் சரி என்று அவர் சொல்லிவிட்டார்.

ஒப்பந்தத்தோடு இந்தக் கடிதமும் ரகசிய ஆவணமாகச் செனட்டுக்குப் போனது. ஒஹாயோ செனட்டர் பெஞ்சமின் டாப்பன் அவற்றை வெளியே அனுப்ப, ஏப்ரல் 27 அன்று நியூயார்க் ஈவ்னிங் போஸ்ட் அச்சிட்டது. அவருடைய தம்பி லூயிஸ் டாப்பன் அடிமை ஒழிப்பு இயக்கத்தின் முன்னணியில் நின்றவர். செனட் டாப்பனைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. ஆனால் செய்தி பரவிவிட்டது. தேசப் பாதுகாப்பு என்று சொல்லப்பட்டது அடிமைமுறையின் பாதுகாப்பே என்று வடக்கு மாநிலங்கள் கண்டுகொண்டன. ஜூன் 8 அன்று ஒப்பந்தம் 35க்கு 16 என்று தோற்றது.

கால்ஹூன் ஓயவில்லை. ஆகஸ்ட் 12 அன்று பிரான்சிலிருந்த அமெரிக்கத் தூதர் வில்லியம் கிங்குக்கு எழுதிய கடிதத்தில் வணிகத்தைக் கையில் எடுத்தார். பிரிட்டனின் அடிமை ஒழிப்புப் பேச்சு கருணையால் வந்ததல்ல. மேற்கிந்தியத் தீவுகளில் பட்ட நஷ்டத்தை ஈடுகட்ட, கிழக்கில் தான் போட்ட முதலுக்குப் போட்டியாக நிற்கும் அடிமை விவசாயத்தை அழிக்கப் பார்க்கிறது என்றார். கிழக்கில் முயற்சி நடந்தது உண்மை. கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்கத் தோட்டக்காரர்களையே வரவழைத்து இந்தியாவில் பருத்திச் சோதனைப் பண்ணைகள் வைத்தது. 1842 முதல் கோயம்புத்தூரில் அந்தப் பணியைப் பார்த்துக்கொண்டவர் தாவரவியலாளர் ராபர்ட் வைட். ஆனால் பிரிட்டனின் சுயநலத்தை எவ்வளவு விரித்துச் சொன்னாலும், ஜார்ஜியா வயலில் பருத்தி பறித்தவரின் அடிமைத்தனம் நியாயமாகிவிடாது. அந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்ததுதான் கால்ஹூனின் சாமர்த்தியம்.

ஒப்பந்தத்துக்கு வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு வாக்கு செனட்டில் கிடைக்காதென்று ஆனபின், சாதாரணப் பெரும்பான்மை போதும் என்ற கூட்டுத் தீர்மானத்தின் வழியே டெக்சாஸ் உள்ளே வந்தது. பதவி முடிய மூன்று நாள் இருக்கையில், 1845 மார்ச் 1 அன்று டைலர் அதில் கையெழுத்திட்டார். 1850 கணக்கெடுப்பில் டெக்சாஸின் அடிமைகள் 58,161 பேர். 1860இல் 1,82,566. பழைய மாநிலங்களிலிருந்து உடைமையாளர்களால் இழுத்துவரப்பட்டவர்களும், சந்தையில் விற்கப்பட்டுக் குடும்பத்தைப் பிரிந்து வந்தவர்களும் அதில் உண்டு.