கேட்காத பாட்டைத் திட்டிய கதை: யூரையா ஹீப்பின் முதல் ஆல்பம்

இந்த எபிசோடை ஒரு மன்னிப்போட ஆரம்பிக்க வேண்டியிருக்கு.

ரெண்டு எபிசோடுக்கு முன்னாடி, 1970-ல் வந்த ஹெவி ராக் ஆல்பங்களைப் பத்திப் பேசினப்போ, யூரையா ஹீப் குழுவோட முதல் ஆல்பத்தை ஒரே நிமிஷத்தில் ஓரங்கட்டினேன். ‘ஜிப்ஸி’ மட்டும் கேளுங்க, மத்ததை விட்டுடலாம், அதுலயும் ‘லூசி ப்ளூஸ்’னு ஒண்ணு இருக்கு, கேட்டா தூங்கிடுவீங்கன்னு சொன்னேன். மறுநாள் ஒரு நேயர்கிட்டேருந்து மெசேஜ். ஒரே கேள்விதான்: “அண்ணா, நீங்க கேட்டது எந்த வெர்ஷன்?”

எடுத்துப் பார்த்தேன். என் ஃபோன்ல இருந்தது அமெரிக்க வெர்ஷன். அதுல ‘லூசி ப்ளூஸ்’ கிடையவே கிடையாது. அதாவது, வாழ்க்கையில ஒரு தடவைகூடக் கேட்காத பாட்டைப் பத்தி, தூக்கம் வரும்னு மைக் முன்னாடி உட்கார்ந்து சொல்லியிருக்கேன். வருஷக்கணக்கா மத்தவங்க எழுதினதைப் படிச்சுப் படிச்சு, அது என்னோட கருத்துன்னே நம்பிட்டேன்.

அதனால இந்த வாரம் ரெண்டு வெர்ஷனையும் முதலிலிருந்து கடைசி வரைக்கும் கேட்டேன், வேற வேலை எதுவும் பார்க்காம. இந்த ஆல்பத்தைப் பத்தி நீங்க அனுப்பின கருத்துக்களையும் படிச்சேன். ஒருத்தர், ஹெவி மெட்டலுக்கு அஸ்திவாரம் போட்டதே இதுதான்றார். இன்னொருத்தர், இதுல பிராக் எங்கே இருக்குன்னு கேட்கிறார். மூணாவது ஆள், டீப் பர்பிளோட ஜெராக்ஸ்னு ஒரே வரியில முடிச்சிட்டார். எல்லாரும் ஒரே ஆல்பத்தைத்தான் சொல்றாங்களான்னே சந்தேகம் வந்தது. தோண்டிப் பார்த்தா, அந்தச் சந்தேகம் பாதி சரி.

முதல்ல பேரைப் பார்ப்போம். யூரையா ஹீப் என்பது சார்லஸ் டிக்கன்ஸ் எழுதின ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ நாவலில் வர்ற ஒரு நயவஞ்சகன். ‘நான் ரொம்ப எளியவன்’னு கையைப் பிசைஞ்சுக்கிட்டே குழி பறிக்கிற ஆள். பேசும்போது ‘ஹ’ சத்தத்தை முழுங்கிடுவான். ‘ஹம்பிள்’ அவன் வாயில ‘அம்பிள்’ ஆயிடும். டிக்கன்ஸ் இறந்தது 1870-ல். நூறு வருஷம் ஆகப்போறதால அப்போ லண்டனில் எங்கே பார்த்தாலும் அவர் பேர்தான். ஸ்பைஸ்னு பேர் வச்சிருந்த ஒரு குழுவுக்கு, தயாரிப்பாளர் ஜெர்ரி பிரான் இந்தப் பேரை எடுத்துக் கொடுத்தார். ஆல்பத்தோட தலைப்பு ‘வெரி எவி, வெரி அம்பிள்’. ரெண்டு வார்த்தையிலும் ‘ஹ’ காணாமப் போனது அதனாலதான். அட்டையில சிலந்தி வலை மூடின ஒரு முகம் இருக்கும். அது பாடகர் டேவிட் பைரன்.

இப்போ முக்கியமான விஷயம். இந்த ஆல்பத்தை ஆரம்பிச்ச குழுவும் முடிச்ச குழுவும் ஒண்ணு இல்லை.

ஸ்பைஸ் அடிப்படையில ஒரு கிட்டார் குழு. மிக் பாக்ஸ் கிட்டார், பால் நியூட்டன் பேஸ், பைரன் குரல். ஆல்பத்தில் பாதி பதிவான பிறகுதான், கீபோர்டு இருந்தா சத்தம் இன்னும் கனமாகும்னு முடிவு பண்றாங்க. வெனிலா ஃபட்ஜ் என்கிற அமெரிக்கக் குழு ஹாமண்ட் ஆர்கனையும் கிட்டாரையும் மோதவிடும் விதம் பாக்ஸுக்கு ரொம்பப் பிடிக்கும். நியூட்டன் தன்னோட பழைய குழுவில் கூட வாசிச்ச கென் ஹென்ஸ்லியைக் கூட்டிட்டு வர்றார். டிரம்ஸ்லயும் ஆள் மாறுது. பெரும்பாலான பாட்டுக்கு அலெக்ஸ் நேப்பியர், ரெண்டு பாட்டுக்கு நைஜல் ஆல்சன். எல்டன் ஜான்கூட வாசிச்சுப் பேர் வாங்கின அதே ஆல்சன்தான்.

இதைத் தெரிஞ்சுக்கிட்டுக் கேட்டா, தையல் போட்ட இடம் காதுக்குத் தெரியும். ‘ஜிப்ஸி’ ஆறரை நிமிஷம். ஆர்கனும் கிட்டாரும் ஒண்ணா உறுமி எழும்பி, அப்புறம் அந்த ரிஃப். நாலு வயசுக் குழந்தைகூட முணுமுணுக்கிற அளவுக்கு எளிமையான ரிஃப், ஆனா ரோடு ரோலர் வர்ற மாதிரி இருக்கும். நடுவுல ஹென்ஸ்லி ஆர்கனை வாசிக்கிறாரா அடிக்கிறாரான்னு தெரியாது. இதுதான் யூரையா ஹீப். உடனே அடுத்த பாட்டு, ‘வாக்கிங் இன் யுவர் ஷேடோ’. நல்ல பாட்டுதான், ஆனா அன்னைக்கு லண்டன் கிளப்ல வாசிச்ச இருபது குழுவுல யார் வேணும்னாலும் போட்டிருக்கக்கூடிய பாட்டு. இது ஸ்பைஸ். ‘ஐ’ல் கீப் ஆன் ட்ரையிங்’ல குரல்கள் கோரஸா அடுக்கடுக்கா ஏறும்போது மறுபடி ஹீப். கடைசிப் பாட்டு ‘வேக் அப்’ ஜாஸ் பக்கம் சாய்ஞ்சு, வேகம் மாறி, அப்படியே அமைதியில கரையுது. பிராக் எங்கேன்னு கேட்ட நண்பரே, அந்தப் பாட்டுலதான் இருக்கு. நீங்க அதுவரைக்கும் வந்திருக்க மாட்டீங்கன்னு நினைக்கிறேன். (இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதின்னு கேட்காதீங்க.)

புதுசா கேட்கிறவங்களுக்கு: பிராக் என்றால், பாட்டை மூணு நிமிஷ அச்சுக்குள்ள அடைக்காம, ஜாஸ், கிளாசிக்கல்னு சுத்தி, ஒரே பாட்டுக்குள்ள பல அறைகள் கட்டுறது. ஹெவி என்றால் ரிஃபோட எடை. இன்னைக்கு ரெண்டும் தனித்தனிக் கடை. 1970-ல் அப்படி இல்லை. இந்த ஆல்பத்தை வெளியிட்ட வெர்ட்டிகோ லேபிளையே எடுத்துக்கோங்க. பிலிப்ஸ் நிறுவனம் 1969-ல் ஆரம்பிச்சது. ஜாஸ் ராக் வாசிச்ச கொலோசியம் குழுவும் அதுலதான், பிளாக் சப்பாத்தும் அதுலதான். சுவரே கட்டாத வீட்டுல, நீ எந்த ரூம்னு கேட்டா அவங்க என்ன சொல்வாங்க?

டீப் பர்பிள் ஜெராக்ஸ் என்கிற குற்றச்சாட்டு எனக்குச் சரியாப் படலை. மேற்கு லண்டன்ல ஹான்வெல் கம்யூனிட்டி சென்டர்னு ஒரு இடம். ரெண்டு குழுவும் அங்கேதான் பக்கத்துப் பக்கத்து ரூம்ல ஒத்திகை பார்த்தாங்க. சுவர் வழியா ஏதாவது கசிஞ்சிருக்கலாம், மறுக்கலை. ஆனா பர்பிளோட ‘இன் ராக்’ வெளிவந்ததும் 1970 ஜூன், இதுவும் 1970 ஜூன். அச்சாகாத புத்தகத்தை எப்படி ஜெராக்ஸ் எடுக்கிறது? தவிர, இந்த மாதிரி அடுக்குக் குரல்கள் பர்பிள்கிட்ட கிடையாது.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே மெர்க்குரி லேபிள் தலைப்பை மாத்தி, வெறும் ‘யூரையா ஹீப்’னு போட்டாங்க. அட்டையில சிலந்தி வலை இல்லை, பல கால் உள்ள ஒரு விநோத ஜந்து. ‘லூசி ப்ளூஸ்’ஸைத் தூக்கிட்டு ‘பேர்ட் ஆஃப் ப்ரே’யை வச்சாங்க. சின்ன மாற்றம் மாதிரி தெரியும். இல்லை. பிரிட்டனில் ‘பேர்ட் ஆஃப் ப்ரே’ 1971-ல் வந்த ரெண்டாவது ஆல்பம் ‘சால்ஸ்பரி’யோட முதல் பாட்டு. பைரன் குரல் கூரையைப் பிய்ச்சுக்கிட்டுப் போகும். அதாவது அமெரிக்க ரசிகர், இனி வரப்போற ஹீப்பை முதல் ஆல்பத்துலயே கேட்டுட்டார். பிரிட்டிஷ் ரசிகர் அதே இடத்துல, மறைஞ்சுக்கிட்டிருந்த ஸ்பைஸைக் கேட்டார். ஒருத்தர் துணிச்சலான ஆல்பம்னும் இன்னொருத்தர் குழப்பமான ஆல்பம்னும் சொன்னா, ரெண்டு பேரும் பொய் சொல்லலை.

ஆனா அமெரிக்க வெர்ஷன் விமர்சகர்களைக் காப்பாத்தலை. ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில வந்த விமர்சனம், இந்தக் குழு ஜெயிச்சுட்டா தான் உயிரோட இருந்து பிரயோஜனமில்லைங்கிற தொனியிலதான் ஆரம்பிக்கும். எழுதினவர் ஒரு தடவையாவது போட்டுக் கேட்டிருப்பார். நான் அதுகூடப் பண்ணலை.

‘கம் அவே மெலிண்டா’வைப் பத்தியும் சொல்லணும், உங்கள்ல நிறையப் பேர் இதை ஸ்கிப் பண்றதா எழுதியிருந்தீங்க. இது இவங்க பாட்டு இல்லை. ஃப்ரெட் ஹெல்லர்மேன், ஃப்ரான் மின்காஃப் எழுதின அமெரிக்க ஃபோக் பாட்டு. ஹாரி பெலஃபான்டே எல்லாம் பாடியிருக்கார். போருக்கு அப்புறம் ஒரு சின்னப் பொண்ணு பழைய படப் புத்தகத்தைக் கண்டெடுத்துக் கேள்வி கேட்கிறா. அவ்வளவுதான் கதை. ரெண்டு கனமான பாட்டுக்குப் பின்னாடி, பைரன் சத்தத்தையெல்லாம் இறக்கி வச்சுட்டு இதைப் பாடுறார். ஸ்பைஸும் இல்லாம ஹீப்பும் இல்லாம இருக்கிற ஒரே பாட்டு. கொஞ்சம் அழுகாச்சிதான், ஒத்துக்கறேன். மூணு நாளா என் மண்டையில ஓடுறது ஆனா இதுதான்.

கடைசியா ‘லூசி ப்ளூஸ்’. இப்போ கேட்டாச்சு, ஏழு தடவை. மெதுவான, அளவெடுத்துத் தைச்ச ப்ளூஸ். 1969-ல் லண்டன் கிளப்ல வாசிக்கணும்னா இப்படி ஒரு பாட்டு கையில இருந்தாகணும், சட்டைப் பையில ஐடி கார்டு மாதிரி. பைரன் நல்லாவே பாடுறார். ஆனா பாட்டு நகரவே மாட்டேங்குது, நாலாவது நிமிஷத்துல மணி பார்த்தேன்.

அந்த நேயருக்கு இதை அப்படியே எழுதி அனுப்பினேன்: கேட்டுட்டேன், எனக்குப் பிடிக்கலைதான். பத்து நிமிஷத்துல பதில் வந்தது: “எனக்கும் பிடிக்காதுண்ணா. நீங்க கேட்டீங்களான்னுதான் கேட்டேன்.”