மெழுகுவத்தியும் ஹீலியமும்

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் ஓடத் தொடங்கி 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அந்தத் தலைமுறை நிலையங்களில் கண்டென்சரில் வேக்குவம் குறைந்தால் மெழுகுவத்தியைக் கையில் எடுப்பார்கள். டர்பைனைத் தாண்டி வரும் நீராவி மறுபடி தண்ணீராகும் இடம் கண்டென்சர். உள்ளே அழுத்தம் வெளிக்காற்றில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதனால் விரிசல் விட்டால் எதுவும் வெளியே சீறாது, காற்றுதான் உள்ளே போகும். ஃபிளாஞ்ச் ஓரமாகச் சுடரைக் கொண்டுபோவார்கள். உள்பக்கம் சாய்ந்தால் அங்கே ஓட்டை. பக்கத்திலேயே ஹைட்ரஜனால் குளிரும் ஜெனரேட்டர் நிற்கும். எவ்வளவு ஆபத்தான வேலை அது!

இன்று ஹீலியம். காற்றில் பத்து லட்சத்தில் ஐந்து பங்குதான் அது இருப்பதால், கூடுதலாக வந்தால் அதைக் கண்டறியும் கருவி உடனே காட்டிக்கொடுக்கும். மூட்டுகளில் மேலிருந்து கீழாக மெல்லப் பீய்ச்சுவார்கள். கருவியின் மூக்கு, கண்டென்சரிலிருந்து காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்ப்பின் வெளிவாயில் இருக்கும். ஆகவே பம்ப் எப்படிப்பட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய அலகுகளில் நீராவி ஜெட் எஜெக்டர். பெரிய அலகுகளில் பெரும்பாலும் தண்ணீர் வளைய பம்ப். இதன் வெளிக்காற்று ஈரத்தோடு வரும். நீர் பிரிந்த இடத்துக்கு அப்பால் மாதிரி எடுத்து, ஈரத்தை நீக்கித்தான் கருவிக்கு விட வேண்டும். இரண்டு பம்ப் ஓடினால் ஹீலியமும் இரண்டாகப் பிரிந்து சமிக்ஞை மெலியும். இன்னொன்று: சென்னை வெயிலில் வளையத் தண்ணீர் சூடேறினால் பம்ப்பே தளர்ந்துவிடும். வேக்குவம் விழும், ஓட்டை இருக்காது. இது தெரியாமல் ஹீலியத்தோடு நாளெல்லாம் தேடினாலும் ஒன்றும் கிடைக்காது.

கருவிக்குள்ளும் பம்ப்தான் காலத்தை மாற்றியது. 1940-களில் அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்துக்காக ஆல்ஃபிரட் நியர் குழுவினர் உருவாக்கிய ஹீலியம் கருவிகள் எண்ணெய் டிஃப்யூஷன் பம்ப்பையும் திரவ நைட்ரஜனையும் நம்பியிருந்தன. 1958-இல் வில்லி பெக்கரின் டர்போ மாலிக்யூலர் பம்ப் வந்தது. வேகமாகச் சுழலும் அதன் இறக்கைகள் நைட்ரஜனையும் நீராவியையும் விரட்டிவிடும். எடை குறைந்த ஹீலியமோ எதிர்த்து உள்ளே வரும். அந்தக் குறையையே பின்னால் வசதியாக்கி, மாதிரியைப் பம்ப்பின் பின்வாசல் வழியாக விட்டார்கள். திரவ நைட்ரஜன் தேவையற்றுப் போனது. கருவியை டர்பைன் தளத்துக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோக முடிந்தது.

வேக்குவம் குறைந்தால் அதே மின்சாரத்துக்குக் கூடுதல் நிலக்கரி எரியும். அந்தச் சாம்பல் எங்கே சேர்கிறது என்பதை எண்ணூர் கழிமுக மீனவர்கள் நன்றாக அறிவார்கள். வல்லூர் அனல்மின் நிலையத்திலும், 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட வட சென்னையின் 800 மெகாவாட் அலகிலும் வேக்குவம் விழும்வரை காத்திராமல், ஒவ்வொரு பராமரிப்பு நிறுத்தத்துக்குப் பிறகும் ஹீலியம் சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும்.